பெருமாள் உள்ளில் ஒரு மோடம்

ஸுபத்ராவின் மடிக்கணினியில் வலப்பக்கத்துக் கீழ் மூலையில் இரண்டு குட்டித் திரைகள், ஒன்றின் தோளில் ஒன்று சாய்ந்தாற்போல் நிற்கும். கம்பியில்லாத இணைப்பு உயிரோடு இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அவற்றின்மேல் சிவப்பாக ஒரு பெருக்கல் குறி விழுந்துவிட்டால் இணைப்பு போயிற்று. இரண்டாயிரத்து எட்டாம் வருஷம் ஆடி, ஆவணி இரண்டு மாதமும் ஸுபத்ராவுக்குச் சோற்றில் கை வைத்தால் பெருக்கல் குறி, கண்ணை மூடினால் பெருக்கல் குறி.

அவள் செய்த வேலை அப்படிப்பட்டது. அமெரிக்காவில் டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு ஒலிப்பதிவில் கடகடவென்று பேசி வைத்துவிடுவார்கள். அதைக் காதில் கேட்டு, எழுத்துப் பிசகாமல் தட்டச்சு செய்து, சொன்ன நேரத்துக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். மூன்று வருஷம் அந்த வேலைக்காகச் சின்ன காஞ்சிபுரத்திலிருந்து சென்னைக்குத் தினம் பஸ்ஸில் போய்வந்தாள். இரண்டு தடவை கர்ப்பம் தரித்தது, இரண்டு தடவையும் தங்கவில்லை. மூன்றாவது தடவை டாக்டரம்மா, "இனிமே பஸ்ஸுல காலை வைக்கக் கூடாது" என்று முடிவாகச் சொல்லிவிட்டார்.

வேலையை விட அவளுக்கு மனம் இல்லை. பாடுபட்டுக் கற்றுக்கொண்ட வேலை. மேற்பார்வையாளர் லில்லியிடம் போய் நின்றாள். லில்லி மேலிடத்தில் பேசி ஒரு வழி செய்தாள். கம்பெனியின் பழைய மடிக்கணினி ஒன்றை எடுத்துக்கொண்டு வீட்டிலிருந்தே வேலை செய்யலாம், மூன்று மாதம் சோதனை. அந்த மூன்று மாதத்துக்குள் மூன்று கோப்பு தாமதமானால் ஆபீசுக்குத் திரும்பி வர வேண்டும். வர முடியாதவர்கள் வேலையை விட வேண்டியதுதான்.

"என் கையில இவ்வளவுதான்பா இருக்குது" என்றாள் லில்லி. "மூணாவது தாமதம் ஆச்சுன்னா என்னைக் கேக்காத."

வீட்டில் டெலிபோன் லைன் இருந்தது. ஆனால் இருந்த இடம் விசித்திரமானது. மாமியார் வரலக்ஷ்மி காலமான பிறகு, மாமனார் சடகோபன் சமையலறையை ஒட்டிய சாமான் அறையைத் தட்டிக் கொட்டிப் பெருமாள் உள்ளாக, அதாவது பூஜை அறையாக, மாற்றியிருந்தார். அந்தக் காலத்திலேயே டெலிபோன் கம்பி சாமான் அறைச் சுவர் வழியாகத்தான் வந்தது. கதவுக்குப் பின்னால் ஒரு மர அலமாரித் தட்டில் போன் இருந்தது. அறை பெருமாளுக்கு ஆனபிறகும் கம்பி அங்கேயே தங்கிவிட்டது. மாற்றித் தரச் சொல்லி எழுதிக் கொடுத்த விண்ணப்பம் எந்த மேஜையில் தூங்கியதோ. ஆகவே மோடமும் அந்தத் தட்டில்தான் உட்கார்ந்தது: கறுப்பாக, உள்ளங்கை அகலத்தில், முதுகில் ஒரு குச்சி ஆன்டெனா, முகத்தில் ஏழு பச்சை விளக்கு.

சின்ன காஞ்சி வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். முகம் குறுகல், உடம்பு நீளம். பெருமாள் உள் பின்கோடியில். ஸுபத்ராவின் மேஜை முன்கோடியில், வாசல் அறையில். நடுவே கூடம், முற்றம், இரண்டு தடித்த சுவர். கேபிள் இழுத்துக்கொள்ளலாம் என்றால் அந்தப் பழைய மடிக்கணினியில் கேபிள் சொருகும் துவாரத்தை எந்தப் புண்ணியவானோ முன்பே உடைத்து வைத்திருந்தான். காற்றில் வருவதை நம்பித்தான் பிழைப்பு.

முதல் மூன்று வாரம் ஒரு குறையும் இல்லை. இணைப்பின் பலத்தைக் காட்டும் ஐந்து பச்சைக் கோட்டில் நாலு எப்போதும் நின்றது. ஆடி பிறந்ததும் ஆரம்பித்தது பீடை. காலையில் எட்டு, எட்டரைக்கு நாலு கோடு ஒன்றாகும். ஒன்று சிவப்புப் பெருக்கலாகும். கொஞ்ச நேரம் கழித்துத் தானாகத் திரும்பி வரும், ஒன்றுமே நடக்காததுபோல.

அவள் சும்மா இருக்கவில்லை. முதலில் கணினியை அணைத்துப் போட்டாள். பிறகு இணைப்பைத் துண்டித்து மறுபடி பொருத்தினாள், கடவுச்சொல்லை மாற்றினாள். சேவை மையத்துக்குப் போன் போட்டால் அரைமணி சங்கீதம் கேட்க வைத்துவிட்டு ஒரு பெண், "மேடம், மோடத்துல எத்தனை லைட் எரியுது?" என்பாள். எழுந்து பின்கட்டுக்குப் போனால் பெருமாள் உள்ளின் வாசலில் திரை இழுத்திருக்கும். உள்ளே மாமனார் பெருமாளுக்குப் பூஜை, திருவாராதனத்தில் இருப்பார். காலையில் காப்பி குடித்துவிட்டு, குளிக்காமல் வேலையில் உட்கார்ந்தவள் அந்தத் திரையைத் தாண்டலாமா? திரும்பி வந்து, "எல்லாம் எரியறது" என்று குத்துமதிப்பாகச் சொல்வாள்.

"அப்ப எங்க சைடுல பிரச்சினை இல்ல மேடம்."

கணவன் ராம்ப்ரஸாத் ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலையில் இருந்து போனிலேயே வைத்தியம் பார்த்தான்.

"ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தியா?"

"அதைத் தவிர உங்களுக்கு வேற ஒண்ணும் தெரியாதா?"

"தெரியும். மோடத்தை ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தியா?"

அவள் போனை வைத்துவிட்டாள்.

ராஜவீதிக் கடையிலிருந்து சாமுவேலை வரவழைத்தார்கள். கம்ப்யூட்டர் பழுது பார்ப்பதில் கெட்டிக்காரன். அவன் வந்த அன்று ஏகாதசி. வீட்டில் தளிகை, அதாவது பெருமாளுக்கான சமையல், கிடையாது. சடகோபன் பாலும் பழமும் நிவேதனமாக வைத்துக் கண்டருளப் பண்ணிவிட்டு, பத்து நிமிஷத்தில் கோயிலுக்குக் கிளம்பிப் போய்விட்டார். சாமுவேல் வாசல் அறையில் ஒன்றரை மணி நேரம் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான். அன்றைக்கென்று கோடு நாலும் கம்பம் நட்ட மாதிரி நின்றது.

"இன்னாம்மா, ஜம்முனு நிக்குதே" என்றான்.

"நேத்திக்கு வந்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

"எல்லாரும் அதாம்மா சொல்றாங்க. நான் வந்தா எந்த மிஷினும் நல்ல புள்ளையா ஆயிடுது. என் ராசி அப்பிடி." சானல் எண்ணை ஆறிலிருந்து பதினொன்றுக்கு மாற்றினான். மின்சாரம் மிச்சம் பிடிக்க வயர்லெஸ்ஸைத் தானாக அணைக்கும் வசதியை எடுத்துவிட்டான். மென்பொருளைப் பிடுங்கி மறுபடி நட்டான். "கம்பியில்லாத போன் ஒண்ணு கூடத்துல வச்சிக்கினு இருக்கீங்களே, அத்த தூக்கிடுங்க. ரெண்டும் ஒரே காத்துல சண்ட போடும்" என்றான். அதையும் தூக்கியாயிற்று. மறுநாள் துவாதசி. எட்டு மணிக்கே பெருக்கல் குறி.

அன்றைக்குத்தான் முதல் தாமதம். ஒரு கிழவரின் இடுப்பெலும்பு பற்றிய கோப்பு இருபது நிமிஷம் பிந்திப் போயிற்று. ஸுபத்ரா கூடத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சடகோபன் பார்த்துவிட்டார். முப்பத்தைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் ஸம்ஸ்கிருதம் சொல்லிக் கொடுத்தவர், வீட்டில் அளந்துதான் பேசுவார். தீர்த்தம் கொண்டுவந்து வைத்துவிட்டு, "எல்லாம் சரியாப் போயிடும்மா. பெருமாள் பார்த்துப்பார்" என்றார்.

சரியாகப் போகவில்லை. முன்பெல்லாம் அரைமணி, முக்கால் மணி காணாமல் போன இணைப்பு, இப்போது ஒன்றேகால் மணி நேரம் போயிற்று. மேஜையை ஜன்னலோரம் போட்டாள், கதவோரம் போட்டாள். மடிக்கணினியைக் குழந்தைபோல் இடுப்பில் ஏந்திக்கொண்டு கூடத்தில் நடந்தாள். அங்கே ஒரு கோடு வரும், ஆசை காட்டிவிட்டு விழும்.

ஒருநாள் மத்தியானம் பெருமாள் உள்ளுக்குள் போய்ப் பார்த்தாள். மோடத்தின் ஆன்டெனா படுத்துக் கிடந்தது. நிமிர்த்தி வைத்தாள். மறுநாள் மத்தியானம் பார்த்தால் மறுபடி படுத்திருந்தது. யாரோ கை வைக்கிறார்கள்.

"அப்பா, நீங்கோ மோடத்தைத் தொடறேளா?"

சடகோபனுக்குச் சுருக்கென்றது. "மடியா இருக்கறச்சே அதை நான் ஏன் தொடறேன்? விரல் நுனிகூடப் படாது."

பொய் சொல்லத் தெரியாத மனிதர். கேட்டதே தப்பு என்று ஸுபத்ராவுக்கு ஆகிவிட்டது.

"எலியா இருக்கும்" என்றான் ராம்ப்ரஸாத்.

"எலி கம்பியைக் கடிக்கும். ஆன்டெனாவைத் தினம் மடிச்சு வைக்குமா?"

மிச்சம் இருந்தது தேவகி ஒருத்திதான். பாத்திரம் தேய்த்து, வீடு பெருக்கிவிட்டுப் போகிறவள். சடகோபன் கோயிலுக்குப் போயிருந்த சமயம், ஸுபத்ரா அவளை நிறுத்திக் கேட்டாள். கேட்ட தோரணை நன்றாக இல்லை.

"தேவகி, பெருமாள் உள்ளுல அந்தக் கறுப்புப் பெட்டியைத் துடைக்கறேன்னு எதையாவது மடக்கி வைக்கிறியா?"

தேவகி துடைப்பத்தைக் கீழே வைத்தாள். "அந்த ரூம்பு வாசப்படியத் தாண்ட எனக்கு எப்பம்மா உத்தரவு குடுத்தீங்க? ஆறு வருசமா வந்துக்கினு இருக்கேன். உள்ள என்ன கலர்ல சுண்ணாம்பு அடிச்சிருக்குதுன்னுகூடத் தெரியாது."

ஸுபத்ராவின் முகம் செத்துப்போயிற்று. தேவகி மிச்ச வீட்டைப் பெருக்கிவிட்டு, வழக்கமாக வாங்கிக் குடிக்கிற காப்பியைக் குடிக்காமல் போனாள்.

ஆவணி நடுவில் இரண்டாவது தாமதம். லில்லி போனில் வழக்கமான குரலில் பேசவில்லை. "சுபத்ரா, இனிமே ஒண்ணுதான் பாக்கி. ஆபீஸ்ல ஒரு நாக்காலி காலியாத்தான் வச்சிருக்காங்க உனக்கு. நான் சொல்றது புரியுதா?"

புரிந்தது. ஆறாம் மாத வயிற்றோடு அந்த நாற்காலியில் போய் உட்கார முடியாது என்பதும் புரிந்தது.

சோதனைக் காலம் முடிய இன்னும் ஒன்பது நாள். அன்று காலை ஏழரைக்கு ஒரு அவசரக் கோப்பு வந்தது. அறுவை சிகிச்சைக் குறிப்பு, ஒன்பதரைக்குள் போய்ச் சேர வேண்டும். பேசிய டாக்டர் வாயில் எதையோ மென்றுகொண்டே பேசினார். ஒரு வார்த்தையைப் பதினாலு தடவை திருப்பிக் கேட்டாள். பித்தப்பை, கத்தி, தையல், ரத்தப்போக்கு எல்லாம் முடித்து, ஒரு தடவை முழுக்கப் படித்துப் பார்த்து அனுப்பும் பொத்தானை அழுத்தியபோது மணி எட்டு ஐம்பத்தைந்து.

பன்னிரண்டு சதவீதத்தில் நின்றது. பெருக்கல் குறி.

ஸுபத்ரா கத்தவில்லை. அழவும் இல்லை. அணைத்துப் போட்டாள். பொருத்தினாள். ஒரு கோடு வந்தது, போயிற்று. தெருமுனை இணையக் கடைக்காரன் ஒன்பதரைக்குத்தான் திறப்பான். திறந்திருந்தாலும் நோயாளி விவரத்தை வெளிக் கணினியில் ஏற்றக் கூடாது என்பது கம்பெனி சட்டம். மணி ஒன்பது ஐந்து.

மடிக்கணினியை இடது கையில் ஏந்திக்கொண்டு பின்கட்டுக்கு நடந்தாள். பெருமாள் உள்ளில் திரை இழுத்திருந்தது. உள்ளேயிருந்து மாமனாரின் குரல், நிதானமாக, ஒவ்வொரு நாமமாக ஸஹஸ்ரநாமம் வந்துகொண்டிருந்தது.

"அப்பா, மோடத்துல விளக்கு எரியறதா, கொஞ்சம் பாருங்கோ."

பாராயணத்துக்கு நடுவில் அவர் பேச மாட்டார். குரலைச் சற்று உயர்த்திச் சொன்னார், அவ்வளவுதான். கேட்டேன், பொறு, என்று அதற்கு அர்த்தம்.

"அப்பா, அவசரம். ஒன்பதரைக்குள்ள போகணும்."

குரல் இன்னும் கொஞ்சம் உயர்ந்தது.

ஸுபத்ரா திரையின் ஓரத்தை ஒரு விரலால் விலக்கினாள். பெருமாள் எழுந்தருளியிருக்கும் கோயிலாழ்வாருக்கு முன்னால் தளிகை வைத்திருந்தது: வெண்கல உருளியில் அன்னம், பருப்பு, சாத்தமுது, வாழைக்காய்க் கறியமுது, மேலே துளசி. மாமனார் கண்ணை மூடிக் கைகூப்பி உட்கார்ந்திருந்தார். கழுத்தை இன்னும் நீட்டிக் கதவுக்குப் பின்னால் இருந்த தட்டைப் பார்த்தாள். மோடத்தைக் காணோம். தட்டின்மேல் ஒரு வெண்கலப் பானை கவிழ்ந்திருந்தது. கனத்த, பழைய, நாலு பேர் சாதம் வடிக்கிற பானை. அதன் விளிம்புக்கு அடியிலிருந்து இரண்டு கறுப்புக் கம்பி வெளியே வந்து சுவரில் ஏறியது.

பார்த்துக்கொண்டே நின்றாள். சாமுவேல், சேவை மையத்துப் பெண், எலி, தேவகி, பதினொன்றாம் சானல், கூடத்துப் போன் எல்லாம் வரிசையாக வந்து அந்தப் பானைக்கடியில் போய் விழுந்தன.

"அப்பா, அந்தப் பானையை எடுங்கோ."

அவர் கண்ணைத் திறக்காமல் உள்ளங்கையைக் காட்டினார். இரு. முன்னூறாவது நாமத்தைக்கூட எட்டவில்லை. முடிய இன்னும் இருபது, இருபத்தைந்து நிமிஷம். மணி ஒன்பது பன்னிரண்டு. டாக்டரின் ஒலிப்பதிவும் சேர்ந்த கோப்பு மேலேறவே பத்து நிமிஷத்துக்கு மேல் பிடிக்கும்.

கல்யாணமாகி வந்த எட்டு வருஷத்தில் அவள் அந்த நேரத்தில் அந்த வாசற்படியைத் தாண்டியதில்லை. குளிக்கவில்லை. காப்பி குடித்தாயிற்று, நாலு இட்லி தின்றாயிற்று. ராத்திரிப் புடவை. அத்தனையும் தெரிந்துதான் வலது காலை எடுத்து உள்ளே வைத்தாள்.

பானை ஒரு கைக்கு அடங்கவில்லை. மடிக்கணினியைத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் தூக்கிக் கீழே இறக்கினாள். தரையில் ணங்கென்று உட்கார்ந்தது. மாமனாரின் குரல் நின்றுவிட்டது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. படுத்திருந்த ஆன்டெனாவை நிமிர்த்தினாள். ஏழு விளக்கும் பச்சையாக மினுக்கின. ஒன்று, மூன்று, ஐந்து கோடும் வந்தது. பொத்தானை அழுத்தினாள். பன்னிரண்டு. இருபது. நாற்பத்தொன்றில் கொஞ்சம் நின்று அவள் உயிரை வாங்கியது. அப்புறம் ஏறியது.

ஒன்பது இருபத்தேழுக்கு நூறு.

அதற்கப்புறம்தான் திரும்பினாள். சடகோபன் தளிகைப் பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சமையலறைக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார். கிணற்றடியில் ராட்டினம் கிறீச்சிட்டது. மறுபடி ஸ்நானம் பண்ணினார். மறுபடி அடுப்பு மூட்டினார். அரிசி களையும் சத்தம் வாசல் அறை வரைக்கும் கேட்டது. ஸுபத்ரா அடுத்த கோப்பைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு டாக்டர் ஏதோ சொன்னார், ஒன்றும் ஏறவில்லை. கோபம் இன்னும் ஆறவில்லை அவளுக்கு. பண்ணினது சரியென்றும் தோன்றியது, அவர் மடியைக் கெடுத்தது என்பதும் நிஜம்.

பதினோரு மணிக்கு வாசல் அறைக் கதவருகே மாமனாரின் நிழல் விழுந்தது.

"ஸுபத்ரா, சாப்பிட வா. முதல்ல பண்ணினது இருக்கு. பெருமாளுக்கு ஆகாது. உனக்கு ஆகும்."

"பெருமாளுக்கு ஆகாம நாம சாப்பிடறதில்லையே."

"நான் சாப்பிடப் போறதில்லை. வயத்துல இருக்கறதுக்கு அந்தக் கட்டுப்பாடெல்லாம் கிடையாது. வா."

இலை போட்டுப் பரிமாறினார். அவள் பிசைந்துகொண்டே கேட்டாள். "பானை எதுக்குப்பா?"

"எதுக்குன்னா? கண்டருளப் பண்றப்போ வேத்துக் கண் படலாமோ? திரை எதுக்குப் போடறோம்? அது பாட்டுக்கு ஏழு கண்ணை வெச்சுண்டு தளிகையையே மினுக் மினுக்னு பார்த்துண்டு இருக்கு."

"அது கண்ணு இல்லப்பா. விளக்கு."

"விளக்கு கண்ணடிக்குமோ?"

ஸுபத்ரா ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டாள்.

"முதல்ல ஒரு துண்டு போட்டு மூடினேன்" என்றார் அவர். "துணி வழியாவும் தெரிஞ்சுது. ஆடி மாசப் பிறப்பு அன்னிக்குத்தான் பானை."

"நான் கேட்டேனே, மோடத்தைத் தொடறேளான்னு."

"தொடலையே. அந்தக் குச்சி இடிச்சுது. கரண்டிக் காம்பால படுக்க வெச்சேன். பானையை மேல கவுத்தேன். எங்க தொட்டேன்?"

ஸுபத்ரா சாதத்திலிருந்து கையை எடுத்துவிட்டாள். "பானை கவுத்தா எனக்கு லைன் போயிடும்னு தோணலையா?"

"காத்துல வர்றதுன்னான் ராம்ப்ரஸாத். காத்துதானே, எந்த இடுக்கு வழியாவும் வரும்னு நினைச்சேன். முடிஞ்சதும் எடுத்துடறேனே." சாத்தமுதை ஊற்றிவிட்டுக் கொஞ்சம் தயங்கினார். "முன்னெல்லாம் சீக்கிரம் எடுத்துடுவேன். நீ தூணடியில உக்காந்து அழுத அன்னியிலேர்ந்துதான் நாழியாறது. உன் லைன் நிக்கணும், வேலை நிக்கணும், வயத்துல இருக்கறது நிக்கணும்னு ஸஹஸ்ரநாமம் சேத்துண்டேன். தளிகை எதிர்ல இருக்கறச்சே சொன்னா விசேஷம்னு."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"நிதானமாச் சொன்னா முப்பத்தஞ்சு நிமிஷம்."

இரண்டாவது தாமதம் முப்பத்தொரு நிமிஷம். அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. யார்மேல் கோபப்படுவது? நமக்காக ஒருவர் உட்கார்ந்து ஆயிரம் நாமம் சொல்லுவார், அந்த ஆயிரமும் நம் கழுத்தைச் சுற்றும். எந்தக் கோர்ட்டில் போய் இதைச் சொல்ல?

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேப்பா."

"நீயும் கேக்கலையேம்மா, என்னைத் தவிர எல்லாரையும் கேட்டே. என்னைக் கேட்டது தொடறேளான்னு மட்டும்தான்."

அதுவும் உண்மைதான். ஆனால் உண்மையாக இருப்பதனால் எரிச்சல் குறைந்துவிடுமா? அவள் இலையை மடித்தாள்.

கை கழுவிவிட்டு இரண்டு பேரும் மோடத்தின் முன்னால் நின்றார்கள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துப் பார்த்தார் சடகோபன். வெள்ளைச் சுவரில் பச்சை பச்சையாக அடித்தது. "இது இன்னும் மோசம். சுவரே பார்க்கறது" என்றார். ஸுபத்ரா மேஜை டிராயரைக் குடைந்து, சாமுவேல் விட்டுப்போன கறுப்பு ஒட்டுநாடாவை எடுத்துவந்தாள். ஏழு விளக்குக்கும் ஏழு துண்டு. மடிக்கணினியில் ஐந்து கோடும் அசையாமல் நின்றன. அவர் தலையை இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தார்.

"தெரியலை" என்றார். பிறகு, "ஸஹஸ்ரநாமத்தை நிறுத்திடட்டுமா?"

"வேண்டாம், சொல்லுங்கோ. பானை மட்டும் வேண்டாம்."

இரண்டாம் தளிகை பெருமாளுக்கு ஆகி அவர் சாப்பிட்டு எழுந்தபோது மணி இரண்டு. எழுபத்திரண்டு வயசு. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை.

மூன்று மணிக்குத் தேவகி வந்தாள். ஸுபத்ரா பின்கட்டுக்கே போய், "நீ தொடலைன்னு தெரிஞ்சுபோச்சு, தேவகி. நான் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது" என்றாள்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்மா" என்றாள் தேவகி, குனிந்த தலை நிமிராமல். "உங்களுக்குத்தான் ரெண்டு மாசம் ஆயிருக்குது." ஆனால் காப்பியை வாங்கிக்கொண்டாள்.

சாயங்காலம் லில்லி கூப்பிட்டாள். "மூணு நிமிஷம் முன்னாடி வந்துடுச்சுப்பா, கணக்குல தாமதம் இல்ல. ஆனா அந்தப் பழைய ரெண்டு தாமதத்துக்கும் மேலிடத்துல காரணம் எழுதிக் கேக்கறாங்க. அது சரியா இருந்தாத்தான் உனக்கு நிரந்தரமா எழுதுவாங்க. என்ன கோளாறுன்னு கண்டுபிடிச்சியா?"

ஸுபத்ரா ஒளிக்காமல் சொன்னாள். பெருமாள் உள், ஏழு கண், வெண்கலப் பானை, கரண்டிக் காம்பு, ஸஹஸ்ரநாமம். அந்தப் பக்கம் வெகுநேரம் சத்தமே இல்லை. இணைப்பு போய்விட்டதோ என்று நினைத்தாள்.

"லில்லி?"

"இருக்கேன்." லில்லி சிரிப்பை விழுங்குவது தெரிந்தது. "இதை நான் இங்கிலீஷ்ல எப்படிப்பா எழுதுவேன்? 'சாதனத்துக்கு மேல தடை, நீக்கப்பட்டது'ன்னு போடறேன். நீக்கியாச்சுல்ல?"

"ஆச்சு."

"நிச்சயமா? இன்னும் ஒன்பது நாள் இருக்குது."

ஸுபத்ரா கூடத்தின் வழியாகப் பின்கட்டைப் பார்த்தாள். "நாளைக்குக் காலையில சொல்றேன்" என்றாள்.

மறுநாள் எட்டு நாற்பதுக்கு முதல் கோப்பு முடிந்தது. பின்கட்டில் திரை இழுத்திருந்தது. குரல் ஆரம்பித்துக் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. அவள் பொத்தானை அழுத்திவிட்டு, கையை மேஜைமேல் வைத்துக்கொண்டு கோடுகளைப் பார்த்தாள். நாலு. நாலு. ஒரு தடவை மூன்றாகி, அவள் மூச்சை நிறுத்தி, மறுபடி நாலு. கோப்பு போய்ச் சேர்ந்தது. உள்ளே நாமங்கள் அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தன. அவள் லில்லியின் எண்ணை அழுத்தினாள்.

"எழுதிடு, லில்லி. நீக்கியாச்சு."